வெளித்தாழ்ப்பாள்

செத்துப்போன பெண்களைப் பேச வைப்பதுதான் அவளுக்குத் தொழில். இப்படிச் சொன்னதும் பில்லி சூனியம் என்று நினைத்து நாலடி தள்ளி நிற்பவர்கள் உண்டு. அதெல்லாம் ஒன்றுமில்லை. பழைய காகிதங்களில் ஒரு வரியாகவோ இரண்டு வரியாகவோ கிடக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் உடுத்தியதைப் போல உடுத்திக்கொண்டு, ஐம்பது நிமிடம் தன்னந்தனியாக நின்று அவர்களாகவே பேசுவாள். பள்ளிக்கூடம், நூலகம், தொழிற்சங்கக் கூடம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். தெருவில் அவளுக்கு வேஷக்காரி என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் அவளே வேனின் பக்கவாட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

வேனை ஓட்டுவது அவளுடைய அக்கா. விளக்குப் போடுவது, உடுப்பைத் தேய்ப்பது, முன்வரிசையில் அரட்டையடிப்பவர்களை ஒரே பார்வையில் அடக்குவது எல்லாமே அக்காதான். அக்காவுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. அதனாலேயே தங்கையின் நடிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முழு உரிமையும் தனக்கு இருப்பதாக நினைத்தாள். இன்றைக்கு அழுதது கொஞ்சம் ஜாஸ்தி, அடுத்த தடவை பாதி போதும் என்பாள், உப்பு பார்த்துச் சொல்வதைப் போல.

வேனுக்குள் மூன்று பெண்கள் உறையில் தொங்கினார்கள். புருஷன் செத்த பிறகும் அவன் பெயரிலேயே ஒன்பது வருஷம் ரயில்வே கேட்டைக் காத்த ஒருத்தி. சிறைச்சாலையில் பிரசவம் பார்த்த ஒருத்தி. மூன்றாவது, சலவைக்கூடத்து மடிப்புக்காரி. முதல் இரண்டு பேரையும் சீந்துவார் இல்லை. மடிப்புக்காரிக்குத்தான் கிராக்கி. பதினோரு பேர் சேர்ந்து செத்த கதை என்றால் மனிதர்களுக்கு ஒரு தனி ஈடுபாடு வந்துவிடுகிறது.

கதை இதுதான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் ஒரு பெரிய நீராவிச் சலவைக்கூடம் இருந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுத்தன. கொதிகலனிலிருந்து தடித்த குழாய்கள் உலர்த்தறைக்குள் வந்து சுவர் முழுக்க ஓடும். மதியம் இரண்டு மணிக்குப் பதினோரு பெண்கள் அந்த அறைக்குள் போவார்கள். ஈர விரிப்புகளைத் தொங்கவிட்டு, காய்ந்ததை எடுத்து மடித்து அடுக்கிவிட்டு, நாலு மணிக்கு வெளியே வருவார்கள். இடையில் யாராவது மூச்சு வாங்குவதற்குக் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும், விரிப்பு காயாது. அதற்காகக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். ஒரு நாள் மூன்றேகால் மணிக்கு உள்ளே குழாய் வெடித்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து தாழை நீக்கியபோது பதினோரு பேரும் கதவோடு கதவாகக் கிடந்தார்கள்.

விசாரணை அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கொதிகலன் எந்த வருஷம் வந்தது, குழாயின் தடிமன் எவ்வளவு, எல்லாம் அதில் விலாவாரியாக உண்டு. தாழ்ப்பாளுக்கு மட்டும் ஒரே வரி. கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டிருந்தது, தாழிட்டவர் யார் எனத் தெரியவரவில்லை. அப்படி ஒரு வழக்கமே எங்களிடம் கிடையாது என்று முதலாளி சாதித்தார். வெளியே வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் நான் இல்லை, நான் பார்க்கவில்லை என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பதினோரு உயிர் போயிருக்கிறது, ஒருவருக்கும் கண் இல்லை.

செத்தவர்களில் ஒருத்திக்கு இருபத்துமூன்று வயது, அவள்தான் இந்த மடிப்புக்காரி. விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அவள் வாராவாரம் கடிதம் எழுதியிருந்தாள். அந்தத் தங்கை பிற்பாடு கணக்கு டீச்சராகி, ஓய்வும் பெற்று, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் தனியாக இருந்தாள். வேஷக்காரியும் அக்காவும் அவளைக் கடுதாசியம்மா என்பார்கள். முப்பத்தெட்டுக் கடிதங்களையும் நம்பி ஒப்படைத்தவள் அவள்தான். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "தாழ் போட்டது யாருன்னு தெரிஞ்சா போதும். நான் போய் யாரையும் எதுவும் செய்யப் போறதில்ல. தெரியணும், அவ்வளவுதான்."

அக்கா தங்கை இருவருக்கும் தொழிலில் ஒரு முறை இருந்தது. ஐம்பது நிமிடப் பேச்சு முடிந்ததும் அக்கா மேசை மணியை ஒருமுறை தட்டுவாள். அதன் பிறகு இருபது நிமிடம் வேஷம் கலையாமல் நின்று, கூட்டம் கேட்கும் கேள்விகளுக்கு மடிப்புக்காரியாகவே வேஷக்காரி பதில் சொல்வாள். உனக்கு என்ன பாட்டு பிடிக்கும், காலையில் என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கு மனசிலிருந்து சொல்லலாம். பிறகு இரண்டாவது மணி. தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பைப் பிரித்து வைத்துக்கொள்வாள். அதற்கு மேல் காகிதத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் அவள் வாயிலிருந்து வராது. எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று சொல்லித்தான் பேசுவாள். ரொம்ப நேர்மையான ஏற்பாடு என்று இருவருக்கும் அதில் பெருமை.

அந்த நேர்மையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இரண்டாவது மணி அடிக்கும்போது பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நீல அங்கியும் வெள்ளைத் தலைத்துணியும் போட்டவள் சொன்னதுதான் அவர்களோடு வீட்டுக்குப் போகும். கோப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சங்கக் கூடம். நானூறு பேர். அன்றைக்கு அவள் பேசியது அவளுக்கே மயிர்க்கூச்செறியும்படி இருந்தது. முதல் மணி அடித்தது. ஒரு பெண் எழுந்து, கதவை யார் தாழிட்டார்கள் என்று கேட்டாள். வழக்கமாக இந்தக் கேள்வி வந்தால் வேஷக்காரி தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நிற்பாள், அதுவே போதுமான பதிலாக இருக்கும். அன்றைக்குக் கைதட்டல் தலைக்கு ஏறியிருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"மேஸ்திரியம்மாதான். அவ வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா?"

நானூறு பேரும் மூச்சு விடவில்லை. ஒரு நடிகைக்கு அதைவிட என்ன வேண்டும்? திரும்பி வரும்போது வேனில் அக்கா, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள். கடிதத்தில் மேஸ்திரியைப் பற்றி வருகிறதே என்று தங்கை மழுப்பினாள். வருவது ஒரே வரி. புது மேஸ்திரி வந்திருக்கிறாள், சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். சிரிக்காத பெண் கொலைகாரியாக இவ்வளவு சுலபமாக ஆகிவிடலாம். அக்கா உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி வந்தது. அதே பதிலைச் சொன்னாள், இந்தத் தடவை வளையலுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினாள். அதற்கடுத்த கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, அவளே பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு பத்திரிகையில் வந்தது. நினைவுக் குழுவினர் பேருந்து நிலையச் சுவரில் பதினோரு முகங்களை வரைந்தபோது, கதவுக்கு வெளியே வளையல் போட்ட ஒரு கையையும் சேர்த்து வரைந்தார்கள். முகம் இல்லாத கை. மேஸ்திரி என்றால் அறுபது வயது ராட்சசி என்று வேஷக்காரியின் மனதில் எப்படியோ பதிந்திருந்தது. அறுபதோடு நாற்பத்தாறைக் கூட்டினால் என்றைக்கோ மண்ணோடு மண்ணாகியிருப்பாள் என்று அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

இந்த வருஷ நினைவு நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நூலகத்து நிகழ்ச்சி முடிந்து அவள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று அவள் அடையாள அட்டை சொன்னது. வேஷக்காரி துண்டை எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த மேஸ்திரி எங்க அத்தை. என் வீட்டுக்காரரோட அம்மா. உயிரோடதான் இருக்காங்க. எழுபது வயசு."

வேஷக்காரி துண்டோடு நின்றபடி கழித்துப் பார்த்தாள். எழுபது என்றால் அன்றைக்கு இருபத்துநாலு. ராட்சசி இல்லை, உள்ளே செத்தவர்களின் வயதுதான் அவளுக்கும்.

மருமகள் நடந்ததைக் கோவையாகச் சொன்னாள். அவளுடைய ஒன்பது வயது மகளின் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். மேஸ்திரி வேஷத்தை எந்தப் பிள்ளையும் எடுக்க மாட்டேன் என்றது, வாயாடியான இவள் எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் வளையல்களை இரவல் வாங்கி, முழங்கை வரை மாட்டிக்கொண்டு, கூடத்துக் கதவைத் தாழிட்டுத் தாழிட்டு ஒத்திகை பார்த்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நாடகம் பார்க்க வந்த ஒரு வயசாளி, அந்தக் காலத்தில் அங்கே இஸ்திரி போட்டவர், உங்க மாமியார்தானே அங்கே மேஸ்திரி என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மகன் அம்மாவிடம் சோறு, மாத்திரை என்ற அளவுக்கு மட்டும் பேசுகிறான். பேத்தி பக்கத்தில் வருவதே இல்லை.

"அத்தை ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. சலவைக்கூடத்துல வளையல் போட விடமாட்டாங்களாம். துணி பிழியுற உருளையில மாட்டிக்கிட்டா கையே போயிடுமாம். மேஸ்திரியும் போடக்கூடாதாம். அப்ப நீங்க சொன்ன சத்தம் எங்கேருந்து வந்தது?"

வேஷக்காரிக்கு முகம் செத்துப்போயிற்று. அவளிடம் இருந்த ஒரே புகைப்படத்தில் அத்தனை பெண்களுக்கும் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் உடுப்பையே தைத்தாள். இரண்டு வருஷமாக வெறுங்கையோடு மேடையில் நின்றுகொண்டு வளையல் சத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவளுக்கும் உறைக்கவில்லை, கேட்டவர்களுக்கும் உறைக்கவில்லை. மருமகள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நினைவு நாளன்று, எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பதிலை வேஷக்காரி தானே சேர்த்ததாகச் சொல்ல வேண்டும். மகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள்.

அக்கா ஒரேயடியாக மறுத்தாள். "ஒரு வார்த்தை பொய்னு நீயே சொன்னா, ஐம்பது நிமிஷமும் பொய்னு ஊரே சொல்லும். முதலாளி வீட்டுப் பேரனுங்க இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கானுங்க. அந்தப் பதினோரு பேரையும் நீ மறுபடி சாகடிக்காத." அக்கா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கிழவியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டு எந்தப் பதினோரு பேருக்காகப் பேசுவது? வேஷக்காரி இரண்டு நாள் அந்தப் புகைப்படத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் அந்த வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் பாதி பாரம் இறங்கும் என்று நினைத்தாள்.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. கூடத்தில் ஒரு கட்டில், துணி உலர்த்தும் கம்பிக்கூடு, பேத்தியின் புத்தகப் பலகை. மேஸ்திரியம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, சுத்தமான பெண்மணி. மருமகள் அறிமுகம் செய்துவைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பினாள். அவளுடைய செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும் வரை மேஸ்திரியம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. பிறகு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். வேஷக்காரி "அம்மா" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"யாரு பார்த்தாங்க?"

வேஷக்காரிக்குப் புரியவில்லை.

"நான் தாழ் போட்டதை யாரு பார்த்துச் சொன்னாங்க உன்கிட்ட? இஸ்திரி மேசையில இருந்து பார்த்தா அந்தக் கதவு தெரியாது. கொதிகலன்காரன் அன்னிக்கு வரவே இல்ல. ரெண்டு வருஷமா யோசிச்சுப் பார்க்கிறேன்."

"யாரும் சொல்லலம்மா. எந்தக் காகிதத்துலயும் இல்ல. நானா இட்டுக்கட்டினதும்மா அது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

மேஸ்திரியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நாற்பத்தாறு வருஷம் விசாரணைக்காரர்களிடமும், கட்டியவனிடமும், பெற்ற பிள்ளையிடமும் காத்ததை, யாரும் கேட்காமலே ஒரு நிமிடத்தில் கொட்டிவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்று வேஷக்காரி நினைத்தாள். அவள் அழவில்லை. கொட்டியது கொட்டிவிட்டது, மிச்சத்தை மட்டும் வைத்து என்ன செய்வது என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

மேஸ்திரியாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்ததாம். தினமும் இரண்டு மணிக்குப் பதிவேட்டைப் பார்த்துப் பதினோரு பெயரையும் வரிசையாகக் கூப்பிட வேண்டும், ஒவ்வொருத்தியாக உள்ளே போனதும் தாழ் போட வேண்டும், நாலு மணிக்குத் திறக்க வேண்டும். அவள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை, அவளுக்கு முன்னால் இருந்தவளும் அதைத்தான் செய்தாள். குழாய் வெடித்தபோது அவள் கதவுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

"உள்ளேருந்து தட்டினாங்க. என் பேரைச் சொல்லித் தட்டினாங்க. தாழ்ப்பாள்ல கைய வச்சேன். சுட்டுச்சு. எடுத்துட்டேன். அப்புறம் ஓடிட்டேன்." வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். "பாரு. தழும்புகூட இல்ல. அவ்வளவுதான் சுட்டுச்சு."

வேஷக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். சுருக்கம் விழுந்த சாதாரணக் கை. அவளுக்கு இந்தப் பெண்மீது அருவருப்பு வந்தது, அடுத்த கணமே இரக்கம் வந்தது, இரண்டும் போகாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டன. கண்டபடி பேசிய தன் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

மேஸ்திரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பேத்தி முன்பெல்லாம் தன் மடியில்தான் தூங்கும் என்றாள். இப்போது தான் தொட்ட தட்டில் சாப்பிடுவதில்லை என்றாள். "எனக்கு இன்னும் எத்தனை நாள்? நான் போடலைன்னு அங்க சொல்லிடு. அந்தப் பிள்ளை காதுல விழுற மாதிரி சொல்லு."

நீங்கள் போடவில்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள் வேஷக்காரி. ஆனால் தான் இட்டுக்கட்டியது என்பதைச் சொல்ல முடியும், அது சத்தியமான உண்மை, அதை எந்த மேடையிலும் சொல்லலாம். அது போதும் என்றாள் மேஸ்திரியம்மா. படியில் பேத்தியின் குரல் கேட்டது. மேஸ்திரியம்மா மணிக்கட்டை விட்டுவிட்டு மறுபடியும் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

கிழவி என்ன சொன்னாள் என்று அக்கா வேனில் கேட்டதற்கு, அழுதாங்க என்று மட்டும் சொன்னாள். சொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணமும் தயார் செய்து வைத்துக்கொண்டாள். வாய்ச்சொல் காகிதம் ஆகாது. சாட்சி இல்லை, கையெழுத்து இல்லை, தேதி இல்லை. இரண்டாவது மணிக்குப் பிறகு காகிதத்தில் இருப்பதை மட்டும்தானே சொல்ல வேண்டும்? முறைப்படி பார்த்தால் அவள் எதையும் மறைக்கவில்லை. இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினாள்.

நினைவு நாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தது. பதினோரு குடும்பங்களும் முன்னால் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வரிசையில் மருமகள், பேத்தி, மருமகளின் புருஷன், ஓரத்தில் மேஸ்திரியம்மா. அவர்களைச் சுற்றி இரண்டிரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

வேஷக்காரி அன்றைக்குச் சுமாராகத்தான் செய்தாள். முதல் மணி அடித்ததும் கேள்விகளுக்கே இடம் கொடுக்காமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா முறைத்துவிட்டு இரண்டாவது மணியையும் தட்டினாள். வேஷக்காரி தலைத்துணியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். உட்காரவில்லை. நின்றபடியே, செருப்பைத் தேடியவர்களும் நிமிரும்படியாகச் சொன்னாள். மேஸ்திரியம்மா தாழ் போட்டார் என்பதும், வளையல் சத்தமும் எந்தக் காகிதத்திலும் இல்லை. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு நானே சேர்த்தது. சலவைக்கூடத்தில் யாரும் வளையல் போடுவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர்மேல் இரண்டு வருஷமாகப் பழி போட்டிருக்கிறேன், எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

கூடம் சலசலத்தது. மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேத்தி திரும்பித் தன் பாட்டியை முதல்முறையாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, அப்பாவின் முழங்காலைத் தாண்டிப் போய், பாட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வேஷக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செய்ய வந்ததைச் செய்தாகிவிட்டது, பொய்யும் சொல்லவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் கடுதாசியம்மா எழுந்தாள். மூட்டுவலிக்காரி, நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கவே நேரமாயிற்று. கூடம் அவளுக்காகக் காத்திருந்தது. அவள் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பான விடையைக் கண்டுபிடித்தபோது பேசிய குரலாக இருக்க வேண்டும், அவ்வளவு நிதானமாகக் கேட்டாள்.

"சரிம்மா. அப்ப யாரு போட்டது? அவங்க இல்லேன்னா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

காகிதத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வேஷக்காரி வாயைத் திறந்தாள். ஆனால் கடுதாசியம்மா கேட்டது காகிதத்தை இல்லை. மூன்றாவது வரிசையில் பேத்தி பாட்டியின் தோளில் சாய்ந்திருந்தது. மேஸ்திரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றாள் வேஷக்காரி.

கடுதாசியம்மா தலையை ஆட்டினாள். மெதுவாக நடந்து வந்து மேடையோரத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷமாக எல்லாரும் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தன்னை அனுப்பிவிட்டார்கள், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மனசு ஒருத்தருக்கும் வரவில்லை, நீ ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாயே என்றாள். பிறகு அங்கேயே நிற்காமல், ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள். மேஸ்திரியம்மாவின் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"ரெண்டு வருஷமா உங்களைச் சபிச்சுக்கிட்டு இருந்தேன். தினமும் சபிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

மேஸ்திரியம்மா எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. "பரவாயில்லம்மா" என்றாள். அது பின்வரிசை வரைக்கும் கேட்டது.

கூட்டம் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். வேஷக்காரி அப்படி ஒரு கைதட்டலை வாழ்நாளில் வாங்கியதில்லை. அக்காகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ செய்தது சரிதாண்டி என்று கிசுகிசுத்தாள். கடுதாசியம்மா காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்து மேஸ்திரியம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சியின் முடிவில் பதினோரு பெயரையும் வாசிக்க வேண்டும். நினைவுக் குழுவினர் பழைய பதிவேட்டைப் பார்த்து, அதில் இருந்த வரிசைப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேஷக்காரி ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நாலாவது பெயருக்கு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். தான் வாசிப்பதற்கு முன்னாலேயே மேஸ்திரியம்மாவின் உதடுகள் அடுத்த பெயரைச் சொல்லிவிட்டிருந்தன. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. ஒன்றும் தப்பவில்லை. கடுதாசியம்மாவும் அதைப் பார்த்தாள். கொஞ்ச நாளே பழகிய தன் அக்காவின் பெயரைக்கூட இத்தனை வருஷம் இந்த அம்மாள் மனசில் வைத்திருக்கிறாளே என்று அவளுக்குக் கண் நிறைந்து, மடியிலிருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.